நாற்பது ரூபாய்க்குள் ஒரு தூரக்கண்ணாடி

பியூ
9 அக்டோபர் 1927

மரியாதைக்குரிய அக்கா நீலாம்பாள் அவர்களுக்கு,

தம்பி குழந்தைவேலு எழுதுவது. கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறவன் நல்ல சேதியாக எழுதவேண்டும். என்னிடம் இருப்பது ஒரு குடைச் சேதிதான்.

ரயில்வேயில் கேங் மேஸ்திரி வேலையை விட்டு ஆறு வருஷமாக இங்கே நெல்லும், மேட்டில் கடலையும் போடுகிறேன். பின்னால் மலை. கடலை முற்றினால் காட்டுப்பன்றி இறங்கிவிடும், ஒரே ராத்திரியில் உழுத நிலம் மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறேன். பரண் கட்டி உட்கார்ந்து இதுவரை ஒன்பது பன்றியும் இரண்டு கேளையாடும் அடித்து ஊருக்கே கறி பங்கிட்டவன் நான்.

போன மாதம் பொழுது மங்கும் நேரம். பக்கத்து வரப்பில் கறுப்பாக, முதுகு வளைந்து ஒன்று அசைந்தது. சுட்டேன். அது பக்கத்து நிலத்துக்காரர் ஊ போ தின் காயவைத்துவிட்டு மறந்துபோன குடை. மோல்மேனில் இருக்கும் அவர் மகள் வாங்கிக் கொடுத்ததாம். பதினோரு ஓட்டை.

ஊர்த்தலைவர் தூஜி எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "மேஸ்திரி, இன்னொரு தடவை பன்றி அல்லாததைச் சுட்டால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும்." துப்பாக்கி போனால் கடலையும் போகும். கண்ணில் குறை ஒன்றுமில்லை, பொழுதுதான் குறை என்று டாக்டர் சொல்கிறார். தூரக்கண்ணாடி ஒன்று இருந்தால் சுடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம். இங்கே கிடைக்காது. ரங்கூனில் எனக்கு உங்களைத் தவிர யாரையும் தெரியாது. நாற்பது ரூபாய் மணியார்டர் செய்கிறேன். அதற்கு மேல் முடியாது.

அத்தானுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
குழந்தைவேலு

—

தாமுவே
ரங்கூன், 16 அக்டோபர் 1927

தம்பி குழந்தைவேலுவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. குடையைச் சுடுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே, அது போதும்.

கிழிக்கத்தான் எடுத்தேன். உன் அத்தான் பிடுங்கிப் படித்தார். குடை வரிக்கு வந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிக் கண் செருகிவிட்டது. பக்கத்து வீட்டு தோ மியா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். அவளுக்குச் சங்கதியைப் பர்மா பாஷையில் சொல்லி முடிப்பதற்குள் அவளும் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவை எப்போதிலிருந்து "நீங்கள்" என்கிறாய்? உன் மூக்கைச் சிந்திவிட்ட கை இது. மரியாதை கொடுக்கவேண்டிய நாளில் கொடுக்காமல் இப்போது காகிதத்தில் கொடுக்கிறாய்.

எந்த நாள் என்று கேட்பாய். விசுவாவசு வருஷம், ஆனி பதினேழு, வெள்ளிக்கிழமை. என் மூத்தவள் கனகாம்பாளின் கல்யாணம். தாய்மாமன் மாலை தட்டில் இருந்தது. வாடாமலிருக்க நாலு தடவை தண்ணீர் தெளித்தேன். பெண்ணுக்குப் பட்டம் கட்டி மணவறைக்கு அழைத்துவர மாமன் வரவில்லை. வேட்டைக்குப் போயிருப்பதாக இன்சீன் ரயில்வே ஆட்கள் சொன்னார்கள். ஒன்பது மணி வரைக்கும் வாசலைப் பார்த்தேன். என் மாமியார் சாமான் அறை வாசலில் நின்று, கையில் பூசணிக்காய்க் கூட்டுக் கரண்டியோடு, "பெண்ணின் மாமனுக்குப் பன்றிதான் மருமகள் போலிருக்கிறது" என்றாள். நாற்பது பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் சொல்லுவேன். கடைசியில் மில் கணக்கப்பிள்ளை ரெங்கசாமியை, எனக்கு எந்த வழியிலும் ஒட்டில்லாதவனை, கூடப்பிறந்தவன் ஸ்தானத்தில் நிறுத்திக் காரியத்தை முடித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் அவன்தான் மாமன். பட்டு வேட்டியும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இன்னும் கடைசிப் பெண் அம்சவேணி பாக்கி இருக்கிறாள்.

ஆகையால் உனக்குக் கண்ணாடி வாங்கித் தருவதாக இல்லை.

நேற்று வேறு வேலையாக மொகல் தெருவுக்குப் போனேன். அங்கே ஷம்சுதீன் கடை இருக்கிறது. சண்டை முடிந்தபின் ஏலத்தில் எடுத்த பட்டாளத்துச் சாமான் விற்கிறவர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் விற்றார். அது மூன்றாம் மாதம் ஏழேகாலில் நின்றது, இன்றைக்கும் ஏழேகால்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பயம் இருக்கவேண்டியதுதான். அவர் துர்பீன் என்று சொல்லி மூன்று கண்ணாடி எடுத்து வைத்தார்.

ஒன்று முத்துச்சிப்பி பதித்தது, உள்ளங்கையில் அடங்கும். துரைசானிகள் நாடகம் பார்க்க வைத்துக்கொள்வதாம். எதிர்க்கடைக்காரர் மூக்கு தெரிந்தது. அது கண்ணாடி இல்லாமலே தெரியும்.

இரண்டாவது, முழம் நீளம். பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெருமை பேசினார். படித்துறைக்கு எடுத்துப்போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியம் கரையைப் பார்த்தேன். ஒரு ஆள் சுருட்டுப் பற்றவைத்தான். அவன், சுருட்டு, அவனுக்குப் பின்னால் இருந்த ஆலைப் புகைபோக்கி எல்லாம் சேர்ந்து ஆடின. ஆடியது என் கைதான்.

மூன்றாவது, பட்டாளத்துக்காரன் கழுத்தில் கிடந்தது. கறுப்புச் சாயம் உரிந்து பித்தளை தெரிகிறது. ஆறு மடங்குதான். பார்க்க ஒன்றுமில்லை.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பரணிலிருந்து எவ்வளவு தூரம் பார்க்கவேண்டும்? உச்சிவெயிலிலா, அந்தியிலா? உன் கை நடுங்குமா? நடுங்காது என்று பொய் எழுதாதே. அப்பாவுக்கு நடுங்கியது.

அக்கா,
நீலாம்பாள்

—

பியூ
23 அக்டோபர் 1927

அக்காவுக்கு,

பூசணிக்காய்க் கூட்டு வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாய். உன்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் ஜட்ஜு ராஜிநாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

நீ கேட்டதற்கு: பரணிலிருந்து காட்டோரம் இருநூறு கஜம். அங்கே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, நாற்பது கஜத்துக்குள் வந்தால் சுடுவேன். நேரம் அந்தி. சூரியன் மலைக்குப் பின்னால் போனபிறகு அரைமணி, அதுதான் அதுகளின் சாப்பாட்டு நேரம். கை நடுங்கும். பன்றியைக் கண்டால் கூடவே நடுங்கும். உன் கடிதத்தைப் பிரிக்கும்போதும் நடுங்கியது.

அந்த முழ நீளக் கண்ணாடியை வாங்காதே. இங்கே காட்டு ரேஞ்சர் ஒருவரிடம் பார்த்தேன். பெரிதாகக் காட்டுகிறது, அந்தியில் இருட்டாகவும் காட்டுகிறது. முன்பக்க வில்லை அகலமாக, மடங்கு குறைவாக இருந்தால்தான் மங்கின வெளிச்சத்தில் நிற்கும் என்று அவரே சொன்னார்.

கல்யாணத்தைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை என்று நினைக்காதே. எழுதிப் பார்த்தேன், காகிதம் போதவில்லை.

ஊ போ தின்னுக்குக் குடையைத் தைத்துக் கொடுத்தேன். பதினோரு ஒட்டு. மழையில் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார், வழியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று கதை சொல்கிறார்.

தம்பி,
குழந்தைவேலு

—

தாமுவே
6 நவம்பர் 1927

தம்பிக்கு,

கண்ணாடி வாங்கியாயிற்று. வாங்கின விதத்தைக் கேள்.

அந்தக் கறுப்புக் கண்ணாடியைத்தான் வாங்குவதென்று போனேன். போனவுடன் அதைத் திருப்பி, முன்பக்கத்து வழியாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தேன். ஊறுகாய் ஜாடியில் மேலே படருமே வெள்ளை நூல், அது உள்வில்லையில் படர்ந்திருக்கிறது. "இது என்ன, ராவுத்தரே? கண்ணாடியோடு பூசணமும் சேர்த்துத்தானா விலை?" என்றேன். "இது மழை ஊர் அம்மா, என் தாடியிலேயே பூசணம் பூக்குது" என்று பெட்டியைத் திறந்து இன்னும் நாலை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகச் சூலே பகோடா உச்சியைப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு உச்சி தெரிந்தது. கீழே விழுந்து கண் கோணிப்போன சாமான். இன்னொன்றைக் காதோரம் ஆட்டினால் உள்ளே கிலுகிலுப்பை. மிச்சம் இரண்டு. அதில் ஒன்று எட்டு மடங்கு, ஒன்று ஆறு மடங்கு. பட்டப்பகலில் இரண்டும் ஒரே மாதிரி.

"அந்தியில் பார்க்காமல் வாங்கமாட்டேன், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்" என்றேன். "நம்பிக் கொடுக்கலாமா" என்றார். "ஏழேகாலை நம்பி நான் வாங்கவில்லையா?" என்றேன். கடையை மகனிடம் விட்டுவிட்டு அவரே குதிரைவண்டியில் கூட வந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளி இருக்கிறது. நாற்பது கஜத்தை அம்சவேணி அடி வைத்து அளந்தாள். தோ மியாவின் கறுப்பு வெள்ளாட்டை ஒரு முளையில் கட்டினோம். பக்கத்தில் குடையை விரித்து வைத்தோம். பன்றிக்கு எங்கே போவது? உன் அத்தானிடம் கறுப்புக் கம்பளியைக் கொடுத்து நாலு காலில் நிற்கச் சொன்னேன். "அறுபது வயசில் பன்றி வேஷமா, நான் மில்லில் ஹெட் கிளார்க்காக இருந்தவன்டி" என்றார். "உங்கள் மச்சினன் உயிர்ச் சங்கதி" என்றேன். "அவன்தான் வீட்டுப்பக்கமே வரமாட்டானே" என்று முனகிக்கொண்டே போய்க் குனிந்தார்.

தெருவில் பாதி வேலிமேல் இருந்தது. சூரியன் இறங்கியது. வெறுங்கண்ணுக்கு மூன்றும் ஒரே கறுப்பு மூட்டை. உன்னை மனதுக்குள் கொஞ்சம் மன்னித்தேன், குடை விஷயத்தில் மட்டும். எட்டு மடங்கில் பார்த்தேன். பெரிய கறுப்பு மூட்டை மூன்று. ஆறு மடங்கில் பார்த்தேன். ஆட்டுக்குக் கொம்பு தெரிந்தது. குடைக்குக் கம்பி தெரிந்தது. உன் அத்தான் கம்பளியைத் தூக்கி விலாவைச் சொறிவது தெரிந்தது. "பன்றி, சொறியாதே!" என்று கத்தினேன். அங்கிருந்தே, "கடிக்கிறதடி, உன் தம்பிக்கு எழுது, எறும்பும் அந்தியில்தான் வருகிறது!" என்றார். ஷம்சுதீன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வேலி சாய்ந்துவிட்டது. அன்றைக்கு மாதிரி எங்கள் தெரு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஐம்பது சொன்னார், முப்பத்தெட்டுக்குத் தந்தார். சிரித்ததற்குப் பிறகு ஒரு மனுஷனால் விலையில் கறாராக நிற்கமுடியாது. மிச்சத்துக்குத் தோல்வார் புதிதாகப் போட்டேன். கடிகாரத்தையும் எடுத்துப் போயிருக்கிறார், பார்ப்போம்.

பஞ்சும் பழந்துணியும் சுற்றி, ரயில் கார்டு நல்லையா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பியூ ஸ்டேஷனில் வாங்கிக்கொள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருகவேண்டும். ஒரு தடவை சரியாக வைத்துக் கோடு போட்டுக்கொள். சுடுவதற்கு முன்னால் பார். பார்த்தபின் பத்து எண்ணு. எண்ணினபின் மறுபடியும் பார்.

இன்னொன்று. அம்சவேணிக்கு இடம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை இன்சீன் பட்டறையில் பிட்டர், பெயர் தங்கவேலு, நல்ல பையன். தை மாதம் கல்யாணம். மாமனாக ரெங்கசாமி நிற்பதாகத்தான் பேச்சு. உனக்குத் தகவல் தெரியட்டும் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

அக்கா,
நீலாம்பாள்

—

பியூ
17 நவம்பர் 1927

அக்கா,

கண்ணாடி பத்திரமாக வந்தது. ராத்திரி சாப்பிடும்போதும் கழுத்திலேயே தொங்குகிறது என்று வீட்டில் சண்டை.

முந்தாநாள் அந்தியில் பரணில் இருந்தேன். கடலை மேட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒன்று இறங்கியது. குனிந்து, நின்று, தரையைக் கிளறி, மறுபடியும் நகர்ந்தது. பன்றியின் நடை அப்படியே. நாற்பது கஜத்துக்குள் வந்தாயிற்று. துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது அக்கா. உன் கடிதம் ஞாபகம் வந்து இறக்கினேன். கண்ணாடியை எடுத்தேன். கம்பளி போர்த்திய ஊ போ தின். மீசையில் இருக்கும் நாலு மயிரும் தெரிந்தது. விழுந்த சுருட்டு டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பத்து எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. துப்பாக்கியைப் பரணிலேயே போட்டுவிட்டு இறங்கி, நேராக அவரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்து, "என்ன மேஸ்திரி, இன்றைக்குக் குடை ஒன்றும் வரவில்லையா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். டப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தேற்றினார். இரண்டு பேருமாகத் தேடி எடுத்தோம். மறுநாள் உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, வீட்டுக்குள் போய்ச் சிவப்புக் கம்பளி ஒன்றை எடுத்து வந்து போர்த்திக்கொண்டார். நேற்று உண்மையான பன்றியே ஒன்று அடித்தேன், தொடை முழுக்க அவர் வீட்டுக்கு.

ஒரு மனுஷனைக் கொல்ல இருந்தவன் கையில் பொய்யும் வீம்பும் எதற்கு? எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் வேட்டைக்குப் போகவில்லை, இன்சீன் ஆட்கள் தெரியாமல் யூகத்தில் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை ராத்திரி மழையில் பெகுவுக்கு வடக்கே தண்டவாளக் கரை அறுபது அடி அரித்துப்போனது. என் கேங் இருந்த பகுதி. இரண்டு ராத்திரி, ஒரு பகல், கல்லும் மண்ணும் கொட்டினோம். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் முதல் வண்டி தாண்டியது. அதிலேயே தொற்றிக்கொண்டு வந்தேன். பந்தல் வாசலுக்கு வரும்போது ஒன்பது மணி சுமார். இடுப்பு வரைக்கும் சேறு. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ரெங்கசாமி பட்டு உடுத்தி, ஜரிகைத் தலைப்பாகையோடு கனகாம்பாளை அழைத்துக்கொண்டு போகிறான். நீ பக்கத்தில் சிரித்துக்கொண்டு போகிறாய். நான் இல்லாமலே நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். சேற்றோடு உள்ளே வந்து உன்னை இன்னும் சிறுமைப்படுத்தவேண்டாம் என்றும் நினைத்தேன். அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். நீ என் பெயரை எடுக்கவிடுவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கும் கோபம் வந்தது. அந்த வயதில் கோபம் சுலபமாக வரும், போவதுதான் இல்லை.

அம்சவேணிக்கு ரெங்கசாமியே நிற்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக நின்றவன். குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

குழந்தைவேலு

—

தாமுவே
4 டிசம்பர் 1927

தம்பி,

பதினைந்து நாளாகப் பதில் இல்லையே என்று நினைத்திருப்பாய். எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வருகிறது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

நான் அன்றைக்குச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். நாற்பது பேர் பார்க்கும்போது அழுதுகொண்டா போவேன்?

இன்சீனுக்குப் போய்க் கனகாம்பாளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் இப்போது மூன்று பிள்ளை பெற்றவள். கேட்டுவிட்டு நிதானமாகச் சொல்கிறாள்: "நான் பார்த்தேனே அம்மா. பந்தல்காலில் மாமா மாதிரி ஒருவர் சேற்றோடு நிற்கிறார் என்று உன் காதில் சொன்னேன். தலையைக் குனிடி, கூலியாள் யாராவது இருக்கும் என்று நீதான் என் முழங்கையில் கிள்ளினாய்."

கிள்ளியிருக்கிறேன் தம்பி. பூசணிக்காய்க் கூட்டு ஞாபகம் இருக்கிறது, சிரித்த நாற்பது பேரும் ஞாபகம் இருக்கிறது. இது எனக்கு ஞாபகம் இல்லை. ஐயர் அவசரப்படுத்தினார் என்று இப்போது எழுதலாம். அவர் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை, முகூர்த்தம் இன்னும் அரைமணி பாக்கி இருந்தது. மாமியார் வாய்க்குப் பயந்து அவசரப்பட்டது நான். இதை ஒரு தடவைதான் எழுதுவேன். திரும்பக் கேட்காதே.

ரெங்கசாமியைக் கூப்பிட்டு, இந்தத் தடவை என் தம்பி நிற்பான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பந்தி விசாரிக்கும் பொறுப்பு முழுக்க உனக்குத்தான் என்றேன், விரிந்துவிட்டது. அவன் நல்லவன். அவனுக்கும் ஒரு பட்டு எடுத்திருக்கிறேன்.

தை இருபது, வியாழக்கிழமை. ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம் என்று ஐயர் குறித்துக் கொடுத்தார். ரயில் அட்டவணையை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். பியூவிலிருந்து வருகிற வண்டி காலையில் எத்தனை மணிக்கு, அதற்குமேல் மூன்று மணி நேரம் தாமதமானால் எத்தனை, ஸ்டேஷனிலிருந்து குதிரைவண்டிக்கு எவ்வளவு, குளிக்க எவ்வளவு, எல்லாம் விரல் விட்டுச் சொன்னேன். "அம்மா, நான் பஞ்சாங்கம் பார்க்கிறவன், ரயில்வே பார்க்கிறவன் இல்லை" என்றார். "இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்" என்றேன். பார்த்தார். பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் ஒரு முகூர்த்தம் இருந்தது. முதலிலேயே சொல்வதற்கென்ன? மாப்பிள்ளை வீட்டார், அவ்வளவு நேரம் ஆனால் பசிக்குமே என்றார்கள். அண்டா நிறைய உப்புமா கிண்டிப் போடுகிறேன், இலை இலையாகச் சாப்பிடுங்கள் என்றேன். தங்கவேலு சிரித்தான். பிழைத்துக்கொள்வான்.

முந்தின நாளே பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து சேர். முடியாவிட்டால் காலை வண்டியில் வா. கரை உடைந்தால் தண்டவாளத்தோடு நடந்து வா. சேற்றோடு வந்தால் சேற்றோடு உள்ளே வா, வாசலில் நிற்காதே. பன்னிரண்டு தாண்டினால் அதற்கடுத்த முகூர்த்தத்தையும் ஐயரைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து கையைப் பிடித்து எழுப்பாமல் அம்சவேணி அறையைவிட்டு வரமாட்டாள். நான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், எவளாவது கரண்டியோடு வரட்டும் பார்க்கலாம்.

உன் அக்கா,
நீலாம்பாள்